பிறர் கேளாத ஓசை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

காய்ந்த பனையோலையைக் கையில் வைத்துக் கசக்கிப் பார்த்திருக்கிறீர்களா? சடசடவென்று ஓர் ஓசை எழுமே, அந்த ஓசை பதினான்கு மாதங்களாக என் இடது காதுக்குள் குடியிருக்கிறது. எச்சிலை விழுங்கினால் சடசடக்கும். கொட்டாவி விட்டால் படபடக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில வேளைகளில் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுப் போகும். பக்கத்தில் இருப்பவருக்கோ ஒன்றும் கேட்காது. என் துன்பத்தில் பாதி அந்த ஓசை. மறுபாதி, அதை யாரும் நம்பாதது.

அனுதாபம் தேடி இதை எழுதவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேளாத ஒரு துன்பத்தை ஒருவர் சொல்லும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது பற்றி எனக்கொரு கருத்து உண்டு. அதைப் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் இம்மலரின் வாயிலாக வைக்க விரும்புகிறேன்.

முதலாண்டில் பிடித்த ஒரு கடுஞ்சளியோடு தொடங்கியது இது. அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டார். அத்தை கொண்டை ஊசியை எடுத்து நீட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிச்சா இப்படித்தான் ஆகும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே எனக்குத் தலைவலி வந்தாலும் பழி படிப்பின் மேல்தான் விழும். வகுப்புத் தோழர்களிடம் சொன்னேன். காதுக்குள் பொரி வறுக்கிறான் என்று சிரித்து, "பொரி" என்று பட்டப்பெயரும் சூட்டினார்கள். அதன் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அப்படி வாய் மூடியிருந்ததன் பலனைச் செய்முறை வகுப்பில் கண்டேன். ஒத்ததிர்வுக் காற்றுத்தம்ப ஆய்வு. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயருகே பிடித்து நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே போனால், காற்றுத்தம்பம் ஏறத்தாழ 16 செ.மீ. ஆகும்போது ஒலி ஓங்கும். அந்த இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் காதில் ஓலை கசங்கியது. மூன்று முறை செய்தேன். மூன்று அளவுகள் வந்தன. "கவனம் எங்கே இருக்கிறது?" என்றார் ஆசிரியர். காதில் இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை. பக்கத்து மாணவனின் அளவைப் பார்த்து எழுதினேன். என் குறிப்பேட்டில் ஏறிய முதல் பொய் அது. அந்தப் பொய் உறுத்திய உறுத்தல்தான் என்னை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சீட்டுடன் நிற்க வைத்தது.

அங்கே மருத்துவர் மேசையிலிருந்து எடுத்த பொருளைக் கண்டு வியந்தேன். அதே 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை! அதைத் தட்டி நெற்றியில் வைத்தார். காதின் பின்னெலும்பில் வைத்தார். காதின் முன் பிடித்தார். எங்கே வைத்தால் எந்தக் காதில் எப்படிக் கேட்கிறது என்பதைக் கொண்டு, கோளாறு நடுச்செவியிலா உட்செவியிலா என்று ஓரளவு அறிந்துவிடலாம். வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்விகளையெல்லாம் அவர் கேட்டார். எப்போது ஒலிக்கிறது? விழுங்கும்போதா? மெல்லும்போதா? நாடித் துடிப்போடு சேர்ந்தா?

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் சிறு குழல் ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேசியன் குழல் எனப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் சுமார் 3.5 செ.மீ. பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமமாக்கும். சளியாலோ ஒவ்வாமையாலோ அதன் உட்சவ்வு வீங்கிப் பிசுபிசுத்தால், மழையில் ஊறிய கதவு போல ஓசையோடுதான் திறக்கும். என் சடசடப்பு அதுதான். வேறு சிலருக்குச் செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் குறும்பியோ ஒற்றை மயிரோ இதே ஓசையைத் தரலாம். தாடை மூட்டும் தரலாம். எது என்பதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். கொண்டை ஊசிக்குக் கண் கிடையாது!

மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்தார். "ஆபத்தில்லை, ஆனால் நாளாகும்" என்றார். இப்போது குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ஆனால் என்னவென்று தெரிந்த பிறகு இரவில் தூக்கம் வருகிறது. மின்விசிறியின் ஓசையோடு அதுவும் கலந்து போகிறது.

அன்றிரவு வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுபவர். தறிகள் ஓடும் கூடத்தில் பேச்சுக்கு இடமில்லை, எல்லாம் கைச்சாடைதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இருக்குது சாமி. வண்டு கத்தற மாதிரி. பத்து வருசம் இருக்கும்."

"ஏம்ப்பா இத்தன நாளாச் சொல்லல?"

"சொன்னா மட்டும் உங்களுக்குக் கேக்கவா போகுது?"

அவரையும் அழைத்துப் போனேன். சோதனைத் தாளில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு கிணற்றில் இறங்கியது போல் இறங்கியிருந்தது. இரைச்சல் தின்ற காதின் அடையாளம் அது. எனக்குக் கதவுதான் ஒட்டிக்கொண்டது. அவருக்கோ உட்செவியின் மயிர்ச் செல்கள் அழிந்திருக்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 செல்களே உண்டு. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது காதுக்குக் கேடு. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90-ஐத் தாண்டும். பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தால், காதடைப்பான் வைத்தாவது எஞ்சியதைக் காத்திருக்கலாமே!

இசைமேதை பீத்தோவனும் இப்படித்தான் இருந்தார். தம் காதுகள் இரவும் பகலும் இரைகின்றன என்றும், செவிடு என்று சொல்லிக்கொள்ள முடியாமல் மனிதர் கூட்டத்தையே தவிர்த்து வருவதாகவும் 1801-இல் மருத்துவ நண்பர் ஒருவருக்கு எழுதினார். மேதையையும் தறிக்காரரையும் வாய் மூட வைத்தது ஒரே கூச்சம். அந்தக் கூச்சத்தை வளர்ப்பவர்கள் சுற்றியிருக்கும் நாம்தாம்.

"காதில் ஓசை என்பதற்கெல்லாம் மருத்துவமனையா? இப்படியெல்லாம் பெரிதுபடுத்தலாமா?" என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான ஓசைகள் தீங்கற்றவை என்பது உண்மையே. ஆனால் திடீரென ஒரு காது கேளாமற் போனாலும், நாடியோடு சேர்ந்து ஒலித்தாலும், தலை சுற்றினாலும், சீழ் வந்தாலும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. தீங்கற்றது எது, தீங்கானது எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்; கேலி செய்யும் நண்பர் அல்லர்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. நண்பர்களே, ஒருவன் "மறுபடி சொல்" என்றால் சிரிக்காதீர்கள். செவியில் மாட்டிய பாட்டின் ஒலியைச் சற்றுக் குறையுங்கள். பேராசிரியப் பெருமக்களே, ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை, கேட்பதில் யாருக்கேனும் குறை உண்டா என்று தனியே வினவுங்கள். முன்வரிசையில் ஓர் இடம் போதும். என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களே, நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும். பெற்றோரின் காதுகளையும் விசாரியுங்கள்.

சென்ற மாதம் ஆசிரியரிடம் அந்தப் பொய் அளவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "மறுபடி செய். இந்த முறை வலது காதைக் குழாயின் பக்கம் வை" என்றார். செய்தேன். இப்போது குறிப்பேட்டில் இருக்கும் அளவு என்னுடையது.

வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே கேள்வி என்று பெயரிட்டார். செவியால் அறிதலும் கேள்வி. வாயால் வினவுதலும் கேள்வி. பிறர் காதின் ஓசையை நம்மால் கேட்க முடியாது. ஆனால், "உனக்கு என்ன கேட்கிறது?" என்று கேட்க முடியுமே! கேட்போம்.