செம்பட்டை முடிக்கு எந்த ஷாம்பு?

கெப்பாலா பத்தாஸ் கடைத்தெருவில் ஷாம்பு அடுக்கியிருக்கும் தட்டின் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கறுப்பு, பச்சை, ஊதா என்று புட்டிகள் வரிசையாக நிற்கும். ஊதாப் புட்டியில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். ‘நம் பிள்ளையின் தலையும் இப்படித்தானே செம்பட்டையாகிக்கொண்டு வருகிறது, இதையே வாங்கிவிடலாமா?’ என்ற எண்ணம் வருவது இயல்புதான். காசை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஊதா ஷாம்பு பொன்னிற முடிக்கும், சாயம் வெளுத்த முடிக்கும் செய்யப்பட்டது. வெளுத்த முடியில் நாளடைவில் பழுப்பு மஞ்சள் தட்டும். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, அதே கணக்குத்தான். நம் கறுப்பு முடியிலோ, பிள்ளையின் செம்பட்டையிலோ அது ஒன்றும் செய்யாது. வேலைக்குப் போகும் உங்கள் மகள் சலூனில் முடியை வெளுத்துப் பொன்னிறமாக்கிக்கொண்டு வந்திருந்தால், அவளுக்கு அது உதவும். வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று நிமிடம் வைத்து அலசினால் போதும். அதிக நேரம் ஊறவிட்டால் முடியில் ஊதாவே ஏறிவிடும். வெளுத்தது மஞ்சளாக வராமல் செம்மஞ்சளாக நின்றுவிட்டதென்றால் ஊதா பலிக்காது. அதற்கு நீல நிற ஷாம்பு இருக்கிறது. வெளுத்த முடி வைக்கோல்போல் வறண்டிருக்கும். ஆகவே மற்ற நாட்களில் சல்பேட் சேராத மென்மையான ஷாம்பும், பின்னால் கண்டிஷனரும் போடச் சொல்லுங்கள். மகளின் முடிக்கு இவ்வளவு போதும்.

பிள்ளையின் தலைக்கு வருவோம். முதலில் முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். வேர் கறுத்து, நுனி மட்டும் சிவந்திருந்தால் அது வெயிலின் வேலை. வெயிலின் புற ஊதாக் கதிர் முடியிலுள்ள மெலனின் என்ற கருமைப் பொருளைச் சிதைக்கிறது. திடலில் நாள் முழுதும் பந்தாடும் பையனுக்கு இது சாதாரணம். நுனியை வெட்டிவிட்டால் தீர்ந்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பழுப்பு முடி. தாய் தகப்பன் வழியில் வந்தது. வளர வளரக் கறுப்பதும் உண்டு. மலாய்க்காரர்கள் ‘ரம்புட் பேராங்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாம்தான் ஊரைக் கூட்டுவோம்!

ஆனால் முடி வேரிலிருந்தே வெளிறி, மெலிந்து, இழுத்தால் வலியில்லாமல் கையோடு வருகிறதா? பிள்ளை விளையாடாமல் சுருண்டு கிடக்கிறதா? காலில் வீக்கம் தெரிகிறதா? அப்படியானால் ஷாம்புக் கடைக்குப் போக வேண்டாம். அன்றைக்கே அரசாங்க கிளினிக்கின் தாய் சேய் நலப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

நம் பாட்டிமார் ‘சவலைப் பிள்ளை’ என்று சொல்வார்களே, நினைவிருக்கிறதா? அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் இழந்து மெலியும் பிள்ளை. ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், இதே பொருள் தரும் ‘குவாஷியோர்கோர்’ என்ற ஊர்ச்சொல்லையே 1935-இல் மருத்துவ ஏட்டில் ஒரு நோயின் பெயராக எழுதினார். புரதச் சத்துக் குறைந்த அந்தப் பிள்ளைகளின் முடி செம்பட்டையாகியிருந்தது. 1936-இல் அவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். குழந்தைக்கு இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதைக் கண்டு கொதித்து, 1939-இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். என்ன துணிச்சல் பாருங்கள்!

இன்றும் டின்னில் வரும் இனிப்புக் கிரீமரில் சர்க்கரையும் பாமாயிலும்தான் மிகுதி. தேத்தண்ணிக்குச் சரி, பிள்ளைக்கு ஆகாது. முட்டை, பருப்பு, நெத்திலி, தௌபு, தெம்பே, வேலியோரத்து முருங்கைக்கீரை ஆகியவை பிள்ளையின் தட்டுக்கு வரட்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சத்து ஏறியதும் வேரில் கறுப்பாக வரும். பழைய செம்பட்டை நுனியில் கொஞ்ச காலம் நிற்கும். அதைக் கண்டு மனம் சோர வேண்டாம்.

சில புட்டிகளிலும் பொட்டலங்களிலும் ‘தேய்த்தால் கறுக்கும்’ என்று போட்டிருக்கும். அது ஷாம்பு அல்ல, சாயம். அவற்றில் பலவற்றில் பாரா பெனிலீன் டையமின் என்ற இரசாயனம் உண்டு. சிலருக்கு அது தலை புண்ணாகி முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். பிள்ளைகளுக்குத் தொடவே தொடாதீர்கள். பெரியவர்களும் 48 மணி நேரத்துக்கு முன்பே முழங்கை மடிப்பில் சிறிது தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைக்கு வாங்குவதானால் கண் எரியாத, வாசனை குறைந்த சாதாரணக் குழந்தை ஷாம்பே போதும். பொட்டலமாகக் கிடைத்தால் முதலில் ஒன்று வாங்கிப் பாருங்கள். பொட்டல ஷாம்பைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டுபோன ‘சிக்’ ஷாம்பும் நம்மவர் சரக்குத்தான். 1983-இல் கடலூரில் தொடங்கியது. சீயக்காய், செம்பருத்தி இலை போடுகிற வீடுகளில் அதையே போடலாம். அழுக்குப் போகும், செம்பட்டை போகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் முடி கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். வறட்சி மறைந்து பளபளப்பு வருவதால் அப்படி, நிறம் மாறுவதில்லை.

இன்னொன்று. பள்ளியில் முடிக்குச் சாயம் பூசக் கூடாது என்பது விதி. பிறவிச் செம்பட்டைப் பையனைச் சாயம் பூசியவன் என்று நிறுத்திவைத்தால், பயந்துபோய்க் கறுப்புச் சாயம் வாங்கித் தடவிவிடாதீர்கள். சின்ன வயதுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்களோ வீட்டுக்காரரோ நேரில் போய்க் கட்டொழுங்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் கேட்டால் கிளினிக்கில் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்துவிடலாம்.