பழி மருமகளுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நடந்த தாக்குதலில் சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியன். இன்னொருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவசந்திரன். மாநில அரசு தலா 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது.

அந்தக் குடும்பங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவர்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் அரியலூரிலும் பெரம்பலூரிலும் ஒவ்வொரு வீரனின் சாவுக்குப் பின்னும் டீக்கடையில், பஸ்ஸில், கருமாதிப் பந்தியில் ஒரே பேச்சுதான் எழுகிறது. "பட்டாளத்துல செத்தா கோடி ரூபா வருமாம். மருமவ வாங்கிக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிடுவா. பெத்தவங்க நடுத்தெருவுல நிப்பாங்க." சொல்கிறவருக்கு அந்த வீட்டின் வாசல்கூடத் தெரியாது. ஆனாலும் தீர்ப்பு தயாராக இருக்கிறது.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு விட்டுவிட முடியாது, இதனால் கேடும் விளைகிறது. பெற்றோர் நிர்க்கதியாக நிற்பது பல இடங்களில் உண்மை. அதற்குக் காரணம் மருமகளின் மனசு என்பதுதான் பொய். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இடம் வைத்த ஓய்வூதிய விதிதான் காரணம். அந்த விதியை எழுதிய அரசாங்கம் ஒதுங்கி நிற்க, மகனை இழந்த தாயும் கணவனை இழந்த பெண்ணும் ஊர் முன்னால் மோதிக்கொள்கிறார்கள். இதில் யாருக்கு லாபம் என்று ஊரார் ஒருமுறையாவது யோசித்ததுண்டா?

முதலில் அந்த "கோடி" என்ன என்று பார்ப்போம். வீரன் இறந்தால் வருவது ஒரே பணமன்று. ஒன்று, கருணைத் தொகை. 2016 ஜனவரி முதல் மத்திய அரசு விதிப்படி அது சாவு நேர்ந்த சூழலைப் பொறுத்து 25 லட்சத்திலிருந்து 45 லட்சம் வரை. மாநில அரசு தருவது அதற்குத் தனி. இரண்டு, காப்பீடு. ராணுவ வீரர் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய சந்தாவுக்கு வருவது அது, யாரும் தரும் தானமல்ல. மூன்று, பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும். நான்காவதுதான் மாதம்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம். முதல் மூன்றும் ஒருமுறை வந்து முடிந்துவிடும். நான்காவது ஆயுள் முழுக்க வரும். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வருவது முதல் மூன்றின் கூட்டல். முதுமையில் சோறு போடுவது நான்காவது. பெற்றோர் தோற்பது அந்த நான்காவதில்.

விதி என்ன சொல்கிறது? போரிலோ தீவிரவாதிகளுடனான மோதலிலோ இறந்தவரின் மனைவிக்குத் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவோ அந்த அளவு. அந்த மகன் கல்யாணம் ஆகாதவனாக இருந்தால் பெற்றோருக்குச் சார்ந்தோர் ஓய்வூதியம். அப்பா அம்மா இருவரும் இருந்தால் மனைவிக்குரிய தொகையில் 75 சதவீதம், ஒருவர் மட்டும் என்றால் 60 சதவீதம். அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. நல்ல விதிதான். ஆனால் அதே மகன் சாவதற்கு ஒரு மாதம் முன்னால் தாலி கட்டியிருந்தால்? பொதுவாகப் பெற்றோரின் பங்கு 75 சதவீதத்திலிருந்து சுழியத்துக்கு இறங்கிவிடும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்திலும் இதே ஏணிதான்: முதலில் மனைவி அல்லது கணவன், பிறகு பிள்ளைகள், அவர்கள் யாரும் இல்லையென்றால்தான் பெற்றோர். அப்போதும் அவர்களுடைய வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது.

1999 மே மாதம் கார்கில் போரில் பட்டாலிக்கில் உயிர்விட்ட திருச்சி மேஜர் சரவணன் மணமாகாதவர். 2014இல் காஷ்மீரில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜன் மணமானவர். இருவரையும் பெற்ற தாய்மாரின் துக்கத்தில் ஏற்ற இறக்கம் பார்க்க எவரால் முடியும்? ஓய்வூதிய விதியால் முடியும். மகனின் கல்யாணம் ராணுவப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறிய நாளிலேயே தாய் வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறாள். அதை மருமகள் செய்யவில்லை. அவள் மணவறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த விதி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"சரி, மருமகள் வாங்கியதில் பாதியை மாமியாருக்குக் கொடுக்க வேண்டியதுதானே, சட்டம் கேட்காதா?" என்பார்கள். சட்டத்தைத்தான் பார்ப்போம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி இறந்த மகனின் சொத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமான பங்கு அவளுக்கு உண்டு. தந்தை இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் தன் பெயரைப் பார்த்த தாய், பென்ஷனிலும் பங்கு இருக்கிறது என்று நம்பி நடையாய் நடக்கிறாள். ஆனால் குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அல்ல, அதை உயில் எழுதியும் மாற்ற முடியாது என்று வயலட் ஐசக் வழக்கில் 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகன் விட்டுச்சென்ற சொத்தைப் பெற்ற வாரிசுகள் அவனுடைய வயதான பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டம் சொல்கிறது. பென்ஷன் சொத்தில்லை என்றால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கிறதே என்றால், அதில் பிள்ளைகள் என்ற விளக்கத்துக்குள் மகனும் மகளும் பேரப்பிள்ளைகளும் வருவார்கள், மருமகள் வரமாட்டாள். ஆக, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தாய் கொடுக்கும் மனுவுக்குச் சட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. அதிகாரி கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அவர் சொல்லக்கூடியது. அந்த ஒரு வாக்கியத்தில் அரசாங்கத்தின் கடமை குடும்பச் சண்டையாக மாறிவிடுகிறது.

இப்போது அந்த மருமகளைப் பார்ப்போம். பெரும்பாலும் இருபது சொச்சம் வயதுப் பெண். கையில் குழந்தை இருக்கலாம். அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் பென்ஷனை நிறுத்தவேண்டும் என்று பொருமுகிறவர்கள், அப்படி ஒரு காலம் இருந்தது என்பதை அறியவேண்டும். மறுமணம் செய்தால் பென்ஷன் போகும். இறந்த கணவனின் தம்பியையோ அண்ணனையோ கட்டினால் மட்டும் நீடிக்கும் என்ற விதி நம் நாட்டில் இருந்தது. பென்ஷனும் வீட்டை விட்டுப் போகக்கூடாது, பெண்ணும் போகக்கூடாது என்று அரசாங்கமே கொழுந்தனுக்குப் பெண் பார்த்த காலம் அது. வீரப் பதக்கங்களுக்கு மாதந்தோறும் தரும் படியில் இருந்த இதே நிபந்தனையை எடுக்க 2017 நவம்பர் வரை ஆயிற்று. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின்னர்தான் பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்தாலும் குடும்ப ஓய்வூதியம் தொடரும் என்ற நிலை வந்தது. இந்த நாட்டில் விதவைக்குக் கிடைத்த அரிய நியாயங்களில் இது ஒன்று. பெற்றோரின் கண்ணீரைக் காட்டி அதைத் திரும்பப் பிடுங்கச் சொல்கிறவர்கள் பெற்றோருக்காகப் பேசவில்லை. ஒரு பெண் வெள்ளைப் புடவையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற பழைய ஆசைக்குப் புதிய காரணம் தேடுகிறார்கள்.

கேப்டன் அன்ஷுமான் சிங் விவகாரத்தில் இது வெட்டவெளிச்சமானது. 2023 ஜூலை 19 அன்று சியாச்சினில் தீ விபத்தில் சகவீரர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட ராணுவ மருத்துவர் அவர். 2024 ஜூலை 5 அன்று அவருடைய மனைவியும் தாயும் குடியரசுத் தலைவரிடம் கீர்த்தி சக்ரா விருதைப் பெற்றார்கள். சில நாட்களில் பெற்றோர் தொலைக்காட்சியில் பேசினார்கள். நெருங்கிய உறவினர் யார் என்ற ராணுவ விதியை மாற்றவேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது விதி மாற்றம். நாடு எடுத்துக்கொண்டதோ மருமகள் மீதான விசாரணையை. அந்தப் பெண்ணின் புகைப்படத்தின் கீழ் எழுதப்பட்ட ஆபாசத்தின் மேல் நடவடிக்கை கோரித் தேசிய மகளிர் ஆணையமே டெல்லி போலீசுக்கு எழுத நேர்ந்தது. கணக்கு என்னவென்றால், ராணுவக் காப்பீட்டின் ஒரு கோடி மனைவிக்கும் பெற்றோருக்கும் பாதிப் பாதியாகப் போயிருந்தது. உத்தரப் பிரதேச அரசின் 50 லட்சத்தில் 35 லட்சம் மனைவிக்கு, 15 லட்சம் பெற்றோருக்கு. மனைவிக்கு மட்டும் போனது ஓய்வூதியம். அதுவும் விதிப்படி.

இந்தக் கூச்சலுக்குப் பின் மத்தியப் பிரதேச அரசு, பணியில் உயிர்விடும் காவலர்களுக்கான ஒரு கோடி ரூபாய் உதவியை மனைவிக்கும் பெற்றோருக்கும் சரிபாதியாகப் பிரிப்பதாக அறிவித்தது. பலர் கைதட்டினார்கள். நான் தட்டமாட்டேன். அரசாங்கம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமல், விதவையின் பங்கைக் கிள்ளித் தாய்க்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. ஓர் இலையில் இருக்கும் சோற்றை இரண்டாகப் பிரித்துவிட்டு இரண்டு பேருக்குப் பந்தி வைத்தேன் என்பது போலத்தான் இது. மாதாந்திர ஓய்வூதியத்தை இந்தப் பிரிவினை தொடவும் இல்லை.

தேவை இன்னொரு இலை. மனைவியின் ஓய்வூதியத்தில் கைவைக்காமல், பெற்றோருக்கென்று தனியாக ஓர் ஓய்வூதியம், தனிக் கொடுப்பாணையில். இது ஆகாத காரியமில்லை. அமெரிக்காவில் பணியில் இறந்த படைவீரரின் மனைவிக்கு ஒரு மாதத் தொகை உண்டு. வருமானம் குறைந்த பெற்றோருக்கு அதைச் சாராமல் வேறொரு தொகை உண்டு. ஒன்று வருவதால் மற்றொன்று நிற்பதில்லை. நம் ராணுவத்தின் 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளிலும், சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர் இறந்தவரைச் சார்ந்திருந்த மற்றவர்களுக்கு உதவ மறுத்தால் அதைப் பிரித்துக் கொடுக்க அதிகாரிக்கு இடமிருந்தது. பெற்றோரும் சார்ந்தோர்தான் என்பது டெல்லிக்குத் தெரியாத விஷயமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் அதற்குத் தோன்றியது. கூட்டிக் கொடுப்பது தோன்றவில்லை.

அரசாங்கத்திடம் பணம் எங்கே என்பார்கள். போரிலும் மோதலிலும் உயிர்விடுவோர் எண்ணிக்கையை லட்சக்கணக்கான ஓய்வூதியதாரர்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. அதிலும் வயதான, வருமானமில்லாத பெற்றோர் உள்ளவர்கள் இன்னும் குறைவு. ஓய்வூதியம் அரசன் போடும் பிச்சை அல்ல, உழைப்பால் பெற்ற உரிமை என்று டி.எஸ். நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உழைப்புக்கு ஆளை வளர்த்துக் கொடுத்தவர்களுக்கு அதில் ஓர் இடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் பட்டாளத்துக்குப் போகிறார்கள் என்றும் யோசிக்கவேண்டும். மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, விலை நிற்காத சின்ன வெங்காயம், அந்தப் பக்கம் முந்திரியும் சிமெண்ட் ஆலைத் தூசியும். மகன் மாதம் அனுப்பும் பணத்தில்தான் போர்வெல் கடன் அடைகிறது, தங்கச்சி கல்யாணம் நடக்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப்படுகிறது. அவன் போனபின் அந்தப் பெற்றோருக்கு மிஞ்சக்கூடியது மாநில அரசின் முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய், அதுவும் தகுதி இருந்தால். மகன் உயிரோடு இருந்தபோது ஒரே சம்பளம் இரண்டு தலைமுறையைத் தாங்கியது. அவன் இறந்தபின் அரசாங்கம் அந்தச் சம்பளத்தின் கணக்கிலிருந்து ஒரு தலைமுறையை அடித்துவிட்டது. மருமகள் அடிக்கவில்லை.

இதைவிட மோசமான நாள் வந்துகொண்டிருக்கிறது. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் பையன் மணமாகாதவனாக இருக்கவேண்டும், நான்கு ஆண்டுப் பணிக்காலத்திலும் கல்யாணம் செய்யக்கூடாது. அப்படியென்றால் அவனைச் சார்ந்தவர்கள் பெற்றோர் மட்டுமே. அவன் களத்தில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத் தொகை, மீதிக் காலச் சம்பளம் என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. வழக்கமான வீரர்களின் குடும்பத்துக்குள்ள ஓய்வூதியத்தை இவர்களுக்கும் தரவேண்டும் என்று நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2024இல் பரிந்துரைத்தது.

இங்கே மருமகளே இல்லை. பறித்துக்கொண்டு போனவள் என்று காட்ட ஒருத்தியும் இல்லை. ஆனாலும் பெற்றோருக்குப் பென்ஷன் இல்லை. இத்தனை காலம் டீக்கடையில் சொல்லப்பட்ட கதை உண்மையாக இருந்தால், மருமகள் இல்லாத வீட்டில் தாய்க்கு முழு நியாயம் கிடைத்திருக்க வேண்டுமே? குற்றவாளி யார் என்பதை அக்னிபத் திட்டம் அரசாங்கத்தின் கையெழுத்திலேயே சொல்லிவிட்டது.

இருக்கிற விதிக்குள் செய்யக்கூடியதும் உண்டு. லீவில் வரும் பிள்ளையிடம் காப்பீட்டு நியமனத்தில் மனைவிக்கு எவ்வளவு, பெற்றோருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கச் சொல்லலாம். பெற்றோர் பெயர் சார்ந்தோர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். முன்னாள் படைவீரர் சங்கங்கள் இதை ஊர் ஊராகச் சொல்லலாம். ஆனால் இவை ஒருமுறை வரும் பணத்துக்கு மட்டும்தான் உதவும். ஆயுள் முழுக்க வரவேண்டியதற்கு விதி மாறவேண்டும், விதியை மாற்றுவது டெல்லியின் வேலை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த ஒரு கோரிக்கையை வைக்கவேண்டும்: மனைவியின் ஓய்வூதியத்தில் ஒரு பைசா குறையாமல் பெற்றோருக்குத் தனி ஓய்வூதியம், அக்னிவீரர் குடும்பத்துக்கும் சேர்த்து. இதைக் கேட்க நாக்கு எழாதவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச வாய் திறக்கவேண்டாம்.