ஆடைக்கு அளவெடுத்த உடல்

அண்மையில் ஒரு புதுவீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டார்கள். பெரியவர்கள் அமர்ந்தனர். ஐந்தாறு இளைஞர் மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தனர். பசியில்லையா என்று வினவினோம். அவர்களுள் ஒருவன் கூச்சத்தோடு, "உட்கார்ந்தா தையல் விட்டுடும், ஃபாதர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. உண்ண அமரவும் இடங்கொடாத ஓர் உடையைக் காசு கொடுத்து வாங்கும் அறியாமையை என்னென்பது?

இவ்விடத்தில் நம்மவருள் சிலர், "ஜீன்ஸே வேண்டாம், அது அந்நியப் பண்பாடு" என்று முழங்குவர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நாம் இன்று மரியாதையான உடை எனக் கருதும் பேன்ட்டும் ஒரு காலத்தில் அந்நியமாய் இருந்ததுதானே? இந்த வசைபாடலால் விளைந்த பயன் ஒன்றே: துணியெடுக்கப் போகும் பிள்ளைகள் பெற்றோரைக் கலந்துகொள்வதை விட்டுவிட்டார்கள்.

ஜீன்ஸ் உழைப்பாளியின் உடை. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையற்காரர் இருந்தார். தொழிலாளரின் கால்சட்டைகள் பையின் மூலைகளில் அடிக்கடி கிழிவதைக் கண்டு, அவ்விடங்களில் சிறு செப்பு ஆணிகளை அறைந்தார். தமக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸ் என்னும் வணிகரோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். கிழியாதிருக்கவென்றே பிறந்த ஆடை அது! அதைத்தான் இன்று முழங்காலில் கிழித்து, வெளுக்க வைத்து, விலையையும் ஏற்றி விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம். அந்த வெளுப்புக்காக மணலைப் பீய்ச்சியடித்த துருக்கி நாட்டுப் பட்டறைகளில், இளந்தொழிலாளர் பலர் நுரையீரலில் தூசி படிந்து மாண்டனர். 2009-இல் அந்நாட்டு அரசு அம்முறையைத் தடைசெய்தது. புதியது பழையதுபோல் தோன்றுவதற்கு இத்தனை உயிர்களா?

இறுக்கத்திற்கு வருவோம். 2015-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 35 வயதுப் பெண் ஒருவர், வீடு மாற்றும் உறவினருக்கு உதவச் சென்றார். காலைக் கவ்விப் பிடிக்கும் ஜீன்ஸோடு பல மணி நேரம் குந்தியிருந்து அலமாரிகளை ஒழித்தார். திரும்பும் வழியில் கால் மரத்து விழுந்தவர், எழ முடியாமல் கிடந்தார். கெண்டைக்கால்கள் வீங்கியதால் ஜீன்ஸை வெட்டியெடுக்க நேர்ந்தது. நான்கு நாள் கழித்தே அவரால் துணையின்றி நடக்க முடிந்தது. குந்திப் பாத்திரம் துலக்குவதும் கோலமிடுவதும் வழக்கமாயுள்ள நம் வீடுகளில் இதை வேடிக்கைச் செய்தியென ஒதுக்கலாமா?

கடையிலோ நாம் கேட்பது "32 இருக்கா?" என்பது மட்டுமே. 32 என்று சீட்டு ஒட்டிய இரண்டு ஜீன்ஸ்களை நாடாவால் அளந்து பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். ஆயினும் எண் ஒன்று கூடிவிட்டால் மானம் போய்விட்டதென எண்ணி, மூச்சைப் பிடித்துப் பொத்தானைப் போடுகிறோம். கண்ணாடிமுன் நிமிர்ந்து நின்றால் எந்த ஆடையும் பொருந்தியதுபோலத்தான் தோன்றும். குந்திப் பார்க்க வேண்டும், சம்மணமிட வேண்டும், பேருந்துப் படியில் ஏறுவதுபோல் காலை உயர்த்த வேண்டும். தொடைக்கும் பின்புறத்திற்கும் இடங்கொடுக்கும் அளவையே எடுக்க வேண்டும். இடுப்பு தளர்ந்தால் தையற்காரர் பிடித்துத் தருவார். நீளம் மிகுந்தால் மடித்துத் தைப்பார். தொடை பிடித்தால் அவராலும் ஒன்றும் ஆகாது. நீளும் இழை கலந்த துணி குந்துவதற்கு நல்லது. ஆனால் நாளடைவில் முழங்காலில் தொளதொளத்துவிடும். மிகத் தடித்த துணியோ மழைக்காலத்தில் காய்வதே இல்லை.

பெண்பிள்ளைகளின் ஜீன்ஸைப் பற்றியும் ஒரு சொல். பலவற்றில் பை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தையற்கோடுதான் இருக்கிறது. பேருந்துச் சில்லறை வைக்கவும் இடமில்லாததற்கு முழு விலை எதற்கு என்று தாய்மார்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

"உடுத்த உடுத்தத் தளர்ந்துவிடும் சார்" என்பார் கடைக்காரர். அது தளரும்வரை பந்தியில் நின்றுகொண்டிருக்கப் போவது அவர் பிள்ளையல்ல.