சில்லறை வேண்டாம் சார்!

திருத்தணி மலைக்கு 365 படி. ஏறும்போது விரல் மழுங்கிய ஒரு கை நீண்டால் என்ன செய்வீர்கள்? தட்டில் கை படாமல், மேலே இருந்தே சில்லறையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவீர்கள். புண்ணியம் சேர்ந்தாச்சு!

எதற்கு இந்த பயம்? தொழுநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது 1981-ல். ஆறு மாதமோ, ஒரு வருடமோ மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் நின்றுவிடும். ஆனால், நம் சட்டத்துக்கே பயம் தெளிய 2019 ஆனது. அதுவரை தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம்!

2005-ல் 'ஒழித்துவிட்டோம்' என்று அறிவித்தோம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதன் அர்த்தம். இன்றும் உலகின் புது நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

வேலூர் அருகே கரிகிரி தொண்டு மருத்துவமனையைப் பாருங்கள். 1955-ல் தொடங்கியது. மடங்கிய விரலை அறுவை சிகிச்சையில் நிமிர்த்துகிறார்கள். மரத்துப்போன காலுக்கு மென்மையான செருப்பு தருகிறார்கள். உழைத்துச் சாப்பிடக் கையும் காலும் வேண்டுமே, அதற்காக.

மிச்ச வேலை நம்முடையது. குணமானவருக்கு உங்கள் கடையில் வேலை தருவீர்களா? வாடகைக்கு வீடு? அவர் போட்ட டீயைக் குடிப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அந்தச் சில்லறையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.