நாவின் இரு கடன்கள்

நாவிற்கு இயற்கை இரண்டு கடன்களை விதித்திருக்கிறது. ஒன்று சுவைத்தல், மற்றொன்று பேசுதல். வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் முதற்கடனைக் குறைவின்றி ஆற்றி வருகிறோம். இரண்டாவதைக் கைவிட்டுவிட்டு, அதற்கும் சேர்த்து முதற்கடனே போதும் என்று நம்மை நாமே தேற்றிக் கொள்கிறோம். "வீட்டில் இட்லியும் சாம்பாரும் இருக்கின்றன, பொங்கலன்று பானை வைக்கிறோம், பண்பாடு எங்கே போய்விடும்?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்திலேயே பலர். அவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை.

2018ஆம் ஆண்டில் அலுவல் காரணமாக பெய்ரூத் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒருநாள் மாலை, ரவ்ஷே பகுதியில் கடலுள் நிமிர்ந்து நிற்கும் புறாப் பாறைகளைப் பார்த்துவிட்டு, கரையோரத்து உணவகம் ஒன்றில் அமர்ந்தேன். லெபனானிய உணவும் பிரெஞ்சு உணவும் ஒருங்கே பரிமாறும் இடம் அது. கொண்டைக்கடலையை அரைத்து எள் விழுதும் எலுமிச்சைச் சாறும் கலந்த ஹம்மூஸ், சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து செய்த முத்தப்பல், கொத்துமல்லியை ஒத்த பார்ஸ்லிக் கீரையை வெட்டிக் குவித்த தப்பூலே என்று சிறுதட்டுகள் வரிசையாக வந்தன. மரக்கறி உண்பவனை லெபனானியச் சமையல் ஒருபோதும் பட்டினி போடுவதில்லை. அருகில் பிரெஞ்சு நீள்ரொட்டியும் வெங்காய சூப்பும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

உணவுப் பட்டியலைப் புரட்டினேன். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அழகாக அச்சிட்டிருந்தார்கள். அரபு எழுத்து ஒன்றுகூட இல்லை. ஹம்மூஸ் என்னும் சொல்லுக்கு அரபு மொழியில் கொண்டைக்கடலை என்பதே பொருள். அச்சொல் பிறந்த மண்ணில், அச்சொல்லை அதன் எழுத்திலே காண முடியவில்லை.

அடுத்த மேசையில் ஒரு குடும்பம். மூதாட்டி ஒருவர், அவர் மகன், இரண்டு பேரப்பிள்ளைகள். பிள்ளைகள் கிப்பே என்னும் இறைச்சி உருண்டையை ஆவலோடு உண்டனர். பாட்டி அரபியில் ஏதோ கேட்டார். பிள்ளைகள் தந்தையின் முகத்தைப் பார்த்தனர். தந்தை வேற்றுமொழியில் சொன்னார். பிள்ளைகள் அம்மொழியிலே விடை தந்தனர். அதைத் தந்தை அரபியாக்கிப் பாட்டிக்குச் சொன்னார். உணவு முடியும்வரை இதுவே நடந்தது. பின்னர் அவரோடு பேச நேர்ந்தபோது, பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து தாயைப் பார்க்க வந்தவர் என்று அறிந்தேன். "என் பிள்ளைகள் முழு லெபனானியர்கள். வாரந்தோறும் எங்கள் வீட்டில் கிப்பே உண்டு" என்று பெருமிதத்தோடு கூறினார். எனக்கு விக்கிற்று. அவர் பேசியது என் குரலில் அல்லவா!

இனி வழக்கின் உள்ளே புகுவோம். உணவு பண்பாட்டைக் காக்கும் என்பார்க்கு பிரேசில் நாடே விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் லெபனான், சிரியா மலைநாடுகளிலிருந்து மக்கள் அங்கே குடியேறினர். அவர்கள் கொண்டு சென்ற கிப்பே இன்று "கீபே" என்ற பெயரில் அந்நாட்டுத் தெருமுனைக் கடைகளிலெல்லாம் விற்கிறது. ஸ்பீஹா என்னும் இறைச்சி அப்பமும் அப்படியே. அரபுச் சிற்றுண்டி விற்கும் "ஹபீப்ஸ்" என்னும் பெருங்கடைத் தொடர் 1988இல் சாவோ பாவ்லோவில் தோன்றியது. அதை நிறுவியவரோ போர்ச்சுகலில் பிறந்தவர்! மெக்சிகோவின் புவெப்லா நகரில் "அராபியத் தாக்கோ" என்றே ஒரு தின்பண்டம் வழங்குகிறது. மத்தியக் கிழக்கிலிருந்து குடியேறியோரின் சுழல்கம்பி இறைச்சியே அதன் மூலம். உணவு வென்றது. ஆனால் குடியேறியோரின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று பேசுவது போர்ச்சுகீசியம் அல்லது ஸ்பானியம். அரபு அவர்கள் நாவை விட்டு நீங்கிற்று.

இதிலிருந்து விளங்குவது யாது? உணவு வாழ்வதற்கு அதைப் படைத்த மக்கள் தேவையில்லை. சமையற்குறிப்பு ஒன்று போதும். நம் இட்லியும் தோசையும் இந்தியா முழுதும் பரவிவிட்டன. அவற்றைக் காக்க நாம் யார்? மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரு தமிழ்க் குடும்பமும் இல்லாது போனாலும் அங்கே தோசைக்கல் சூடாகவே இருக்கும். மொழியின் கதை அப்படியன்று. பேசுவார் இல்லையேல் அதற்கு வாழ்வில்லை. தானே வாழக் கூடியதைக் காப்பதாகப் பெருமை பேசி, நம்மையன்றி வாழ முடியாததைக் கைவிடுவது எவ்வகை அறம்?

"அங்கே அரசே ஒடுக்கியது, மக்கள் என்ன செய்வர்?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். பிரேசிலில் வார்காஸ் ஆட்சி 1938 முதல் அயல்மொழிப் பள்ளிகளுக்குக் கடிவாளமிட்டது. 1941இல் அயல்மொழி இதழ்களை நிறுத்தியது. இதனாலேயே அவர்கள் மேல் எனக்குச் சினம் வரவில்லை. நம்மைத் தடுத்தது யார்? மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அவற்றில் பயில்வோர் பெரும்பாலும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். மேடையில் தமிழ் முழங்கும் நம்மில் எத்தனை பேர் அப்பள்ளிகளின் வாயிலையேனும் மிதித்திருக்கிறோம்? தடை போட அரசு வரவில்லை. நாமே நம் வீட்டுக்குள் தடையாணை பிறப்பித்துக் கொண்டோம்.

பழியைப் பிறமொழி மேல் சுமத்துவாரும் உளர். அதையும் ஏற்பதற்கில்லை. லெபனானில் பிரெஞ்சு ஆட்சி 1920இல் தொடங்கி 1943இல் முடிந்தது. விடுதலைக்குப் பின் அரபே ஆட்சிமொழி. ஆயினும் "ஹாய், கீஃபக், சா வா?" என்று ஆங்கிலம், அரபு, பிரெஞ்சு மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து நலம் வினவுவது பெய்ரூத்துக்கே உரிய வழக்கம் என்பர். இத்தனைக்கும், புத்ருஸ் அல் புஸ்தானி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபு அகராதியும் கலைக்களஞ்சியமும் வெளியிட்டு, அரபு மறுமலர்ச்சிக்கு வித்திட்ட நகரமும் அதுவே. மற்றொரு கடற்கரையைப் பாருங்கள். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில்தான் பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்து பாடினார். பாரதிதாசன் பிறந்து வளர்ந்ததும் அங்கேயே. பிரெஞ்சு பக்கத்தில் இருந்ததால் தமிழ் தேயவில்லை. பிறமொழி நம் வாயிலில் நிற்கும் விருந்தினர். வீட்டுக்காரனை வெளியேற்றுவது வீட்டுக்காரனே.

"புலம்பெயர்ந்தவனால் மொழிக்கு என்ன செய்ய இயலும்? பிழைப்பே பெரும்பாடு" என்பது அடுத்த வாதம். கலீல் ஜிப்ரானை நாம் அறிவோம். 1883இல் லெபனானில் பிஷர்ரி என்னும் மலையூரில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்கா சென்று, 1931இல் நியூயார்க்கில் மறைந்தவர். ஆங்கிலத்தில் "தீர்க்கதரிசி"யை எழுதிய அதே கையால் அரபியிலும் எழுதினார். அவரும் மிகாயில் நுஐமா முதலிய நண்பர்களும் நியூயார்க்கில் "எழுதுகோற் கழகம்" அமைத்து அரபு இலக்கியத்திற்கே புதுநடை தந்தனர். சாவோ பாவ்லோவிலும் 1933இல் அரபுக் கவிஞர் கழகம் ஒன்று எழுந்தது. அவர்களும் பிழைக்கப் போனவர்களே. அவர்களின் கழகமும் நம்மைப் போன்றதொரு சங்கமே. வேறுபாடு என்ன? அவர்கள் எழுதினார்கள், நாம் பந்தி வைக்கிறோம்.

உணவை இகழ்வதாக எவரும் கருத வேண்டா. உணவும் பண்பாடே. ஆனால் அதற்குள் இருக்கும் பண்பாட்டை உணரவும் மொழியே வேண்டும். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று வாய்க்குள் செல்வதையே வகுத்துப் பார்த்தவர் நம் முன்னோர். நெல், அரிசி, சோறு, அவல், பொரி என ஒரே தானியத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் வைத்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு நெல்லும் "ரைஸ்", அரிசியும் "ரைஸ்", சோறும் "ரைஸ்". தட்டில் ஒன்றும் குறையவில்லை, தலையில் குறைந்துவிட்டது.

இதை நான் பிறர்க்கு மட்டும் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து என் தாயார் எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. என் மகளுக்கு என் தாயாரின் வத்தக்குழம்பு கைவந்த கலை. அக்கடிதங்களில் ஒரு வரி படிக்க வராது. என் காலத்திற்குப் பின் அந்தப் பெட்டி வெறுங்காகிதம். பெய்ரூத்துப் பாட்டிக்காவது மொழிபெயர்க்க மகன் இருந்தான். என் தாயாருக்கு அவனும் இருக்கப் போவதில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவன் நானே.

அன்பர்களே! ஆண்டு விழா விருந்துக்கு நாம் திரட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கை வார வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு ஒதுக்குவோம். நூலக அலமாரியின் பூட்டைத் திறப்போம். வீட்டில் இரவு உணவின்போது அரைமணி நேரம் தமிழ் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதி கொள்வோம். பேரப்பிள்ளை பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதட்டும். பிழையோடு எழுதினாலும் பாட்டி திருத்திக் கொள்வாள்.

2020 ஆகஸ்டு 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறி இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்ற செய்தி கேட்டபோது, எனக்கு முதலில் நினைவு வந்தவர் அந்த மூதாட்டி. அவர் பிழைத்திருந்தால், அன்றிரவு சாவோ பாவ்லோவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். பேரப்பிள்ளைகள் பதறி, "பாட்டி, நலமா?" என்று கேட்க விரும்பியிருப்பார்கள். எந்த மொழியில் கேட்டிருப்பார்கள்? கிப்பேயின் சுவை அந்த ஒரு கேள்விக்கு உதவியிருக்குமா? நம் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும் முன் நாம் இதற்கு விடை கண்டாக வேண்டும்.