குடும்பமும் தொழிலும்: லாரியை விற்கத் தீர்மானிக்கும் வேளை



கடந்த மழைக்காலத்தில் மும்பை சயன் கோலிவாடாவில் ஒரு சகோதரரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வைத்து, அதைத் தாமே ஓட்டுகிறவர். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய வண்டி. அன்று அவர் வீட்டில் இல்லை. சென்னையில் திரும்பு லோடுக்காக நான்காம் நாளாகக் காத்திருந்தார். அவருடைய மனைவி இரண்டு நோட்டுப் புத்தகங்களை என் முன்னே வைத்தார். ஒன்று கணவர் எழுதும் டிரிப் கணக்கு. மற்றொன்று தாம் எழுதும் வீட்டுக் கணக்கு.

"ஐயா, அவருடைய நோட்டில் ஒவ்வொரு டிரிப்பிலும் லாபம் நிற்கிறது. என்னுடைய நோட்டில் ஒவ்வொரு மாதமும் கடன் நிற்கிறது. இரண்டில் எது பொய்?" என்று கேட்டார்.

இரண்டும் பொய்யல்ல. ஆனால் முதல் நோட்டில் சில வரிகள் எழுதப்படவே இல்லை. சொந்த வண்டி ஓட்டும் சகோதரனே, அவருடைய வீட்டில் நிற்கிறவராக உங்களையும் எண்ணிக்கொண்டு இதை வாசியுங்கள்.

எழுதப்படாத வரிகள்

மும்பையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,340 கிலோமீட்டர். சரக்கேற்றிய வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு 335 லிட்டர் டீசல் தேவை. லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் 30,150 ரூபாய். இதனுடன் டோல், கிளீனர் படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன். இவற்றையெல்லாம் அச்சகோதரர் ஒழுங்காக எழுதியிருந்தார். வாடகையிலிருந்து இவற்றைக் கழித்தால் கையில் ஒரு தொகை நிற்கிறது. அதையே அவர் லாபம் என்று நம்பினார்.

ஆனால் நேஷனல் பெர்மிட் கட்டணமாகிய ஆண்டுக்கு 16,500 ரூபாய் எந்த டிரிப்பிலும் இல்லை. இன்சூரன்ஸ், சாலை வரி, எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்யும் செலவு, பத்து டயர்களின் தேய்மானம் ஆகியவையும் இல்லை. காத்திருந்த நாட்களுக்கும் வரி இல்லை. போக வர ஓட்டம் ஆறு நாள் என்றால் மாதத்தில் ஐந்து நடை போகலாம் என்று மனக்கணக்கு சொல்லும். இரு முனையிலும் லோடுக்காக மொத்தம் நான்கு நாள் நின்றாலோ மூன்று நடைதான். வாடகை லோடைப் பொறுத்து வருகிறது. தவணையோ தேதி தவறாமல் வந்து நிற்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய விடுதல், அவருடைய சொந்தக் கூலி. வேறொரு டிரைவரை அமர்த்தியிருந்தால் கொடுக்க வேண்டிய சம்பளத்தை அவர் தமக்குக் கொடுக்கவேயில்லை.

ஆகையால் ஒரு டிரிப்பை அல்ல, ஒரு முழு ஆண்டை எடுத்துக் கணக்கிடுங்கள். வந்த வாடகை அனைத்திலிருந்தும் எல்லாச் செலவையும் வட்டியையும் கழியுங்கள். பின்பு டிரைவர் சம்பளத்தைக் கழியுங்கள். அதன்பின் வண்டியின் விலையில் அந்த ஆண்டு இறங்கிய தொகையைக் கழியுங்கள். மிச்சம் இருந்தால் நீங்கள் தொழில் செய்கிறீர்கள். ஒன்றும் இல்லையென்றால், முதலாளி என்ற பெயருக்காக உங்கள் உழைப்பைச் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

குறை உழைப்பில் மாத்திரம் இல்லை

"நான் சோம்பேறியல்ல, பிறகு ஏன் தோற்றேன்?" என்று அநேகர் தங்களையே வருத்திக்கொள்ளுகிறார்கள். தொழிலின் நிலை மாறியதையும் பாருங்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் விலை தினந்தோறும் மாற்றப்படலாயிற்று. ஒப்புக்கொண்ட வாடகையோ பெரும்பாலும் அப்படியே நின்றது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளு வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. சரக்கு அதே அளவில் இருக்க வண்டிகளின் கொள்ளளவு மட்டும் கூடினால், வாடகை இறங்கத்தானே செய்யும்? நம் சகோதரர் வண்டி வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. 2020-இல் ஊரடங்கின்போது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க வழி கிடைத்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஏறியது. பின்பு இஞ்சின் வேலைக்காக வண்டியின்மேல் மறுபடியும் கடன் வாங்கினார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததால் மாநில எல்லைகளின் வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டு, பயண நேரம் குறைந்தது உண்மைதான். ஆனால் மிச்சமான நேரத்தில் இன்னொரு நடை போக லோடு வேண்டுமே! நேரடி ஒப்பந்தம் உள்ளவருக்கு அது கிடைத்தது. புரோக்கர் வாசலில் நிற்கும் ஒற்றை வண்டிக்காரருக்கு எளிதில் கிடைக்கவில்லை.

முதலாளி என்னும் சொல்

கணக்கு தெரிந்தபின்னும் ஏன் விட முடியவில்லை? அச்சகோதரர் பதினாறு வயதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கிளீனராக மும்பைக்கு வந்தவர். ஊருக்குப் போனால் "லாரி ஓனர் வந்திருக்கிறார்" என்பார்கள். வண்டி வாங்கிய அன்று சபையார் கூடி அதற்காக ஜெபித்தார்கள்; அடுத்த ஞாயிறு அவர் சாட்சி சொன்னார். "அன்று கைதட்டியவர்கள் முன்னால் இன்று எப்படி நிற்பேன்?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவர் மட்டுமல்ல, நாமும் பதில் சொல்லவேண்டும். வாங்குவதை ஆசீர்வாதம் என்று கொண்டாடிவிட்டு, விற்பதை வீழ்ச்சி என்று முணுமுணுத்தால், நம் சகோதரர்கள் நம்மை முன்னிட்டே கடனில் மூழ்குவார்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்கிற உவமையை நாம் அறிவோம். பாதி கட்டியபின் கணக்குப் பார்ப்பதும் அவமானம் அல்ல.

எப்போது விடலாம்? எப்போது வேண்டாம்?

ஒரு மோசமான மாதத்தில் தீர்மானம் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் லோடு குறைவது வழக்கம். கடன் முடிந்த வண்டியும், நிரந்தரமான ஒப்பந்த லோடும், நல்ல நிலையிலுள்ள இஞ்சினும் இருந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் தவணை கட்ட வேறு கடன் வாங்குகிறீர்களா? மனைவியின் நகை இரண்டாம் முறை அடகுக் கடைக்குப் போயிற்றா? தேதிக்குள் சேர்ந்து அடுத்த லோடைப் பிடிக்கத் தூக்கத்தை அடக்கி இரவெல்லாம் ஓட்டுகிறீர்களா? இவற்றில் மூன்றாவது, உங்கள் உயிரும் எதிரே வருபவரின் உயிரும் சம்பந்தப்பட்டது. அதற்கு ஆண்டுக் கணக்கும் தேவையில்லை, முதலில் தூங்குங்கள்.

வண்டியின் வயதையும் கவனியுங்கள். எட்டு ஆண்டு கடந்தால் எஃப்.சி. ஆண்டுதோறும் வரும். நேஷனல் பெர்மிட் இரண்டு அச்சு வண்டிக்கு 12 ஆண்டும், பல அச்சு வண்டிக்கு 15 ஆண்டும் வரைதான். அந்த எல்லையை நெருங்கிய வண்டிக்கு விலை கேட்பாரும் குறைவு.

விற்கும்போது

ஃபைனான்ஸில் முடிக்கவேண்டிய தொகையை எழுத்தில் வாங்குங்கள். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குங்கள். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30. வண்டி வேறு மாநிலத்திற்குப் போனால் படிவம் 28. "மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், பேப்பர் பிறகு மாற்றலாம்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்ற வண்டியின் விபத்துக்காக உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரக்கூடாது. ஃபாஸ்டாகையும் மறவாமல் நிறுத்துங்கள்.

உங்கள் கனரக ஓட்டுநர் உரிமத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கொருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். லாரி போனாலும் தொழில் உங்கள் கையில் இருக்கிறது.

அச்சகோதரர் திரும்பி வந்தபின் மூவருமாக இரண்டு நோட்டுகளையும் விரித்து, ஓராண்டுக் கணக்கை எழுதினோம். முடிக்க இரவு பதினொரு மணியாயிற்று. கடைசி வரியைப் பார்த்து அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு சமையலறைச் சுவரிலிருந்த காலண்டரை எடுத்து வந்தார். அப்பா வீட்டிலிருந்த ஞாயிற்றுக்கிழமைகளை மகள் அதில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். எட்டு மாதத்தில் ஆறு வட்டங்கள். "இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார்.

வண்டியை விற்றுக் கடனை அடைத்தபோது கையில் நின்றது சிறு தொகையே. அடகிலிருந்த நகையில் பாதிதான் மீண்டது. இப்போது நாவா சேவா துறைமுகப் பகுதியில் ஒரு கம்பெனியின் கண்டெய்னர் வண்டியைச் சம்பளத்திற்கு ஓட்டுகிறார். முதல் மாதம் சீருடை அணிந்து வெளியே போகக் கூச்சப்பட்டார் என்று அவர் மனைவி சொன்னார். வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றே இருக்கிறது; அதை இப்போது இருவரும் எழுதுகிறார்கள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இரண்டு நோட்டுகள் இருந்தால், இந்த வாரம் ஓரிரவு அவற்றை ஒரே பாயில் விரித்து வையுங்கள்.