கட்டளை கையில், காசு எங்கே?



பேசாலைப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கடந்த கிழமை என்னைத் தேடி வந்தார். பொலித்தீன் பையிலிருந்து நான்காய் மடித்த கடதாசி ஒன்றை எடுத்து வைத்தார். நீதவான் நீதிமன்றத்தின் தாபரிப்புக் கட்டளை. இரண்டு பிள்ளைகளுக்குமாக மாதம் பத்தாயிரம் ரூபா.

"மூண்டு மாதம் கட்டினவர் மிஸ். பிறகு வாடிக்குப் போனவர்தான், எட்டு மாதமா ஒரு சதமும் இல்லை."

"கோட்டில சொன்னீங்களா?"

"வழக்கு முடிஞ்சுதானே மிஸ். இனிக் கோடு பாத்துக்கொள்ளும் எண்டு இருந்திட்டன்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அவர் கட்டவில்லை என்பது நீதவானுக்குத் தானாகத் தெரியவராது. நாம்தான் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றிக் கட்டாதவரிடம் தண்டப்பணம் அறவிடுவதுபோல நிலுவையை அறவிடலாம். சிறைத்தண்டனையும் விதிக்கலாம். சம்பளக்காரர் என்றால், வேலை கொடுப்பவரே சம்பளத்தில் கழித்து அனுப்பும்படி கட்டளையிடலாம்.

ஆனால் எங்கள் கரையில் எத்தனை பேருக்கு மாதச் சம்பளம்? பங்குக்காசு அன்றன்றைக்குக் கைக்கு வந்து போய்விடுகிறது. படகும் இயந்திரமும் தமையன் பெயரில் இருக்கும். பருவம் மாற வாடியும் மாறும். பழைய விலாசத்துக்குப் போன பிடியாணை 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும். ஆகவே அவர் எந்தக் கரையில், எந்தச் சம்மாட்டியிடம் தொழில் செய்கிறார் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள். மடுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார் என்றால் அதையும் சொல்லுங்கள். (ஆவணியில் மடுவுக்கு வராதவர் எங்கள் பக்கம் குறைவுதானே!)

சந்தியில் கண்டு ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் தந்தால், திகதியோடு கொப்பியில் குறித்து வையுங்கள். முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று யார் சொன்னாலும் கையெழுத்து வைக்க வேண்டாம். நீதிமன்றத்தில் கட்டச் சொல்வதே நல்லது.

மாமியார் அழுதுகொண்டு வருவார். "அவனை உள்ளுக்குப் போட்டா ஆர் உழைக்கிறது?" இந்தக் கேள்வியில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பிடியாணை என்றதும் நிலுவையில் பாதியாவது எங்கிருந்தோ வந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முஸ்லிம் சகோதரிகளுக்குத் தாபரிப்பைத் தீர்ப்பவர் காதி நீதிபதி. அந்தக் கட்டளைப்படி கட்டாவிட்டாலும் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம்போல அறவிட வழி உண்டு. 1990இல் இடம்பெயர்ந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட பெண்களுக்கு, கணவர் முசலிக்குத் திரும்பிவிட்டால் அலைச்சல் இரட்டிப்பு. அதற்காக விட்டுவிட வேண்டாம்.

காணி, வீடு பற்றிய தீர்ப்பு மாவட்ட நீதிமன்றத்தினுடையது. அங்கும் தீர்ப்பு வந்தவுடன் எதிராளி எழும்பிப் போய்விடமாட்டார். நிறைவேற்றக் கோரி விண்ணப்பித்து எழுத்தாணை பெற்றால்தான் பிஸ்கால் வந்து காணியை ஒப்படைப்பார். அதற்குப் பொதுவாகப் 10 வருட எல்லை உண்டு. டிரங்குப் பெட்டியில் பழைய தீர்ப்பு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே திகதியைப் பாருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பேசாலைச் சகோதரியும் நானும் செவ்வாய்க்கிழமை மனு எழுதிக் கொடுத்தோம். எட்டு மாதக் கணக்கை அவரே கொப்பியில் கூட்டி எழுதினார். எண்பதாயிரம். அடுத்த தவணைக்கு என்னை வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.